தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பூங்கா

கிராம சபைத் தீர்மானத்தின் நகல் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. மொத்தம் நாலு வரி. அந்த நாலு வரிக்கு எங்கள் நகர்க்காரர்கள் பட்ட பாட்டை எழுதி வைத்தால், பாளையங்கோட்டையைச் சுற்றிப் புதுசாக முளைத்திருக்கும் நகர்களில் யாராவது ஒருவருக்கு உதவும். கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. அதையும் சேர்த்தே படித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நகர் மாநகராட்சி எல்லைக்கு வெளியே, ஊராட்சியில் இருக்கிறது. மனை பிரித்தபோதே பூங்காவுக்கென்று விட்ட இடத்தையும் சாலைகளையும் ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாயிற்று. அந்த இடத்தில் முதலில் யாரோ கட்டட இடிபாட்டைக் கொட்டினார்கள். பிறகு ஒரு ஓரமாகக் கல் ஊன்றினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் என்று கேட்டுக்கொள்ள ஆரம்பித்த வாட்ஸ்அப் குழுதான் பிறகு சங்கமானது. 1975 சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்ய 7 பேர் வேண்டும், துணைவிதி வேண்டும், அது நடந்தது. வில்லங்கச் சான்று போட்டு, தானப் பத்திர நகல் எடுத்ததிலும் தொந்தரவில்லை.

பதிவுச் சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய எங்கள் தலைவர், இனிமேல் சங்கம் சொன்னால் ஊராட்சி கேட்டே தீர வேண்டும் என்று நம்பினார். லெட்டர்பேட், ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் தயார்.

ஜனவரி 26 கிராம சபைக்குப் போனோம். 7 நாளுக்கு முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பது விதி. கொடுத்திருந்தார்கள்தான், ஊராட்சி அலுவலகத்துக்கு உள்ளே, பீரோவை ஒட்டிய சுவரில். கூட்டம் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு குக்கிராமத்தில் நடக்கும் என்பது எங்கள் நகரில் யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்து வாசலில் நாங்கள் காத்துக் கிடந்தோம், கூட்டம் அம்மன் கோயில் திடலில் நடந்துகொண்டிருந்தது. ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி முடித்து, மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

தலைவர் லெட்டர்பேடை நீட்டினார். கிளார்க் அதை வாங்கவே இல்லை.

"சார், சங்கத்துக்கு இங்க சோலி இல்ல. ஒங்க ஓட்டு எந்த ஊர்ல இருக்கு?"

கேட்ட தோரணை எனக்கு இன்றைக்கும் எரிகிறது. ஆனால் கேட்ட கேள்வி சரி. 1994 ஊராட்சிகள் சட்டப்படி, அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்தான் கிராம சபை உறுப்பினர். தீர்வை கட்டுகிறோம், வீடு இருக்கிறது என்பதெல்லாம் அங்கே எடுபடாது. தலைவர் ஓட்டு திருநெல்வேலி டவுனில், பொருளாளர் ஓட்டு மேலப்பாளையத்தில். வந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வேடிக்கைதான் பார்க்க முடியும். என் ஓட்டு இங்கே இருந்ததால் நான் எழுந்தேன். "டீச்சர், அஜெண்டா முடிஞ்சு போச்சு, அடுத்த கூட்டத்துல பாப்போம்" என்று பதிவேட்டை மூடிவிட்டார்.

ஆக முதல் வேலை, ஓட்டை மாற்றுவது. புது வாக்காளருக்குத்தான் படிவம் 6. குடிபெயர்ந்தவர்களுக்குப் படிவம் 8. இதில் குழம்பி 6-ஐப் போட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. தலைவர் மட்டும் அசையவில்லை. டவுனில் பிறந்து வளர்ந்தவர், ரத வீதி ஓட்டை விட மனசு வரவில்லை. "ஆனித் தேர் முடியட்டும், பாப்போம்" என்றார். தேருக்கும் ஓட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவரிடம் யார் கேட்பது?

மார்ச் 22 கூட்டம் கோரம் இல்லாமல், அதாவது குறைந்தபட்சம் வர வேண்டிய ஆள் சேராமல், தள்ளிப்போனது. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 என்று கணக்கு. எங்களுடையதற்கு 200 பேர் வேண்டும். அந்த 200-ஐ யார் நிரப்புகிறார்கள் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். நூறு நாள் வேலைக்குப் போகிற அக்காமார்தான். அவர்கள் வந்தால் கூட்டம் உண்டு, வராவிட்டால் இல்லை. மாடி வீடு கட்டி வந்திருக்கும் நாங்கள் அந்தக் கணக்கில் எங்குமே இல்லை.

அதனால் மே 1-க்கு முன்பு ஒரு சாயங்காலம் பக்கத்துக் குக்கிராமத்துக்கு நாங்கள் நாலைந்து பேர் பேசப் போனோம். வேப்பமரத்தடியில் பீடி சுற்றிக்கொண்டிருந்த ஓர் ஆச்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டார்:

"ஒங்க பார்க்குக்கு நாங்க கை தூக்குதோம். எங்க சுடுகாட்டுப் பாதைக்கு நீங்க தூக்குவீயளா?"

மழைக்காலத்தில் அந்தப் பாதையில் பாடையைத் தூக்கிக்கொண்டு முழங்கால் சேற்றில் நடக்கிறார்களாம். எங்கள் வீட்டிலிருந்து அது கூப்பிடு தூரம். இத்தனை வருஷத்தில் எங்களில் ஒருவர் காதிலும் விழவில்லை. தூக்குவோம் என்றோம்.

மே 1, திருநெல்வேலி வெயில். சாமியானா நிழல் அதிகாரிகள் இருந்த மேடையோடு நின்றுவிட்டது. ஆனாலும் நகரிலிருந்து இந்தத் தடவை ஓட்டு உள்ளவர்களாகப் போனோம். சுடுகாட்டுப் பாதைத் தீர்மானம் முதலில் வந்தது, கை தூக்கினோம். அடுத்து நான் எழுந்ததும் கிளார்க், "டீச்சர், பூங்கா பத்தி விவாதிச்சதா எழுதிக்கிடுதேன்" என்றார். இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். 'விவாதிக்கப்பட்டது' என்று எழுதினால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. நான் தீர்மான வாசகத்தை வீட்டிலேயே எழுதி, 2 பிரதி எடுத்துப் போயிருந்தேன்: சர்வே எண், தானப் பத்திர எண், 'அளந்து, ஆக்கிரமிப்பை அகற்றி, வேலி அமைக்க இச்சபை தீர்மானிக்கிறது' என்று. அதையே எழுதச் சொன்னேன். அவர் மேடையைப் பார்த்தார். கூட்டத்தைக் கவனிக்க வட்டாரத்திலிருந்து வந்திருந்த அதிகாரி, பற்றாளர் என்பார்கள், "மக்கள் கேக்குறதை எழுதுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அந்த மனுஷன் நல்லா இருக்கணும்.

எழுதியதை ஒலிபெருக்கியில் வாசிக்கச் சொன்னோம். இரண்டு தீர்மானங்களுக்கு நடுவே விட்டிருந்த வெற்று வரிகளையும் அடிக்கச் சொன்னோம். முணுமுணுத்துக்கொண்டே அடித்தார். வருகைக் கையெழுத்தை வந்ததும் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். உங்கள் கையெழுத்துக்குக் கீழே பிறகு என்ன தீர்மானம் வந்து உட்காரும் என்று சொல்ல முடியாது. செல்போனில் அந்தப் பக்கத்தைப் படம் எடுக்கப் போனபோது புத்தகம் பைக்குள் போய்விட்டது.

நகல் கேட்டால் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம் என்று தலைவர் உற்சாகமாகி, அவரே லெட்டர்பேடில் அடித்து, சங்க முத்திரை குத்தி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி அனுப்பினார். திரும்பி வந்துவிட்டது. 2005 தகவல் உரிமைச் சட்டம் தகவல் கேட்கும் உரிமையைக் குடிமக்களுக்குத்தான் கொடுத்திருக்கிறது, சங்கத்துக்கு இல்லை. சபையிலும் சங்கத்துக்கு வாய் கிடையாது, இங்கேயும் கிடையாது. அப்படியென்றால் சங்கம் எதற்கு என்று பொருளாளர் கேட்டார். ஆள் திரட்ட, ஆட்டோவுக்குக் காசு போட, அடுத்த கூட்டத்தை ஞாபகப்படுத்த என்றேன். பேசுவதும் மனுப் போடுவதும் தனி ஆளாகத்தான்.

என் பெயரில், என் வீட்டு முகவரியில், வெள்ளைத்தாளில் எழுதிப் பதிவுத் தபாலில் போட்டேன். 30 நாள் கெடு முடியப் போகும் நேரத்தில், பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. கட்டினேன், நகல் வந்தது. வாசகம் நான் எழுதிக் கொடுத்தபடியே இருந்தது. 'ஆக்கிரமிப்பு' என்பதில் மட்டும் 'ப்' விட்டுப் போயிருந்தது. டீச்சர் புத்தி, சிவப்பு மையைத் தேடியது; விட்டுவிட்டேன்.

சர்வேயர் இன்னும் வரவில்லை. ஆகஸ்ட் 15 கூட்டத்தில், முந்தைய தீர்மானங்கள் மீது என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேட்கப் போகிறோம். முதலில் சுடுகாட்டுப் பாதை, பிறகு பூங்கா என்று ஆச்சியிடம் பேசி வைத்திருக்கிறோம். ஆனித் தேர் முடிந்ததும் தலைவர் படிவம் 8 போட்டுவிட்டார். பெயர் ஏறிவிட்டால் இந்தத் தடவை தானே பேசுவதாகச் சொல்கிறார். லெட்டர்பேடை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.