கைக்குழந்தையின் நுரையீரல் ரத்த ஓட்டம்: 55-க்கு 45 என்ற எண்ணை எப்போது நம்பலாம்?

பிறவி இதயக் கோளாறுக்கு அறுவை சிகிச்சை முடிந்த குழந்தைக்கு எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) எடுத்து, "இடது நுரையீரல் தமனி குறுகலாக இருக்கிறது" என்று எழுதிவிடுகிறோம். அந்தப் பக்கம் எவ்வளவு ரத்தம் குறைகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. எக்கோவை மட்டும் வைத்து அதற்குப் பதில் சொல்லக் கூடாது. எக்கோவின் டாப்ளர் பகுதி தருவது ரத்தம் பாயும் வேகம். அதன் வர்க்கத்தை நான்கால் பெருக்கினால் அழுத்த வேறுபாடு கிடைக்கும். நொடிக்கு 3 மீட்டர் என்றால் 36 மி.மீ. பாதரசம். ஆனால் நுரையீரல் தமனியின் வலது, இடது கிளைகள் இரண்டும் ஒரே தண்டிலிருந்து பிரிவதால், ஒரு பக்கம் அடைத்தால் ரத்தம் மறுபக்கம் போய்விடும். குறுகல் கடுமையாக இருந்தும் வேகம் குறைவாகவே காட்டும். அதைப் பார்த்து நிம்மதியடைவதுதான் ஆபத்து.

இயல்பான குழந்தைக்கு வலது நுரையீரலுக்கு ஏறத்தாழ 55 சதவீதமும் இடதுக்கு 45 சதவீதமும் ரத்தம் போகும். இந்தப் பங்கை நேரடியாக அளக்க இரண்டு வழிகள் உண்டு: ஐசோடோப் பெர்ஃப்யூஷன் ஸ்கேன் (கதிரியக்கத் துகள்களால் ரத்தப் பரவலைப் பார்ப்பது), ஃபேஸ் கான்ட்ராஸ்ட் எம்.ஆர்.ஐ. (ரத்தம் ஓடும் வேகத்தை அளக்கும் எம்.ஆர்.ஐ.).

ஐசோடோப் ஸ்கேனில் கதிரியக்கப் பொருளான டெக்னீசியம்-99எம் ஏற்றிய ஆல்புமின் துகள்களை சிரைவழி செலுத்துகிறோம். எம்.ஏ.ஏ. என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். துகள்கள் பெரும்பாலும் 10 முதல் 90 மைக்ரான். நுரையீரலின் நுண்குழாய்கள் அதைவிடச் சிறியவை என்பதால் முதல் சுற்றிலேயே அங்கே சிக்கிக்கொள்ளும். எங்கே அதிக ரத்தம் போனதோ அங்கே அதிகம் சிக்கும். பெரியவர்களின் நுரையீரலில் சில லட்சம் துகள்கள் அடைப்பது ஒரு பொருட்டே அல்ல. பச்சிளங்குழந்தைக்கு நுண்குழாய்களே குறைவு. அதனால் 10,000 முதல் 50,000 துகள்களுக்குள் நிறுத்த வேண்டும்.

தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். கதிரியக்கம் 6 மணி நேரத்தில் பாதியாகும், துகள் எண்ணிக்கை குறையாது. ஒரு வயலில் (மருந்துக் குப்பியில்) 50 லட்சம் துகள்கள் இருக்கின்றன, காலையில் 2,000 மெகாபெக்கரல் (கதிரியக்கத்தின் அலகு) ஏற்றினோம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது 15 மெகாபெக்கரல் எடுத்தால் 37,500 துகள்கள் வரும். அதே வயலிலிருந்து 6 மணி நேரம் கழித்து அதே 15 மெகாபெக்கரல் எடுத்தால் 75,000. கதிரியக்கத்தை மட்டும் அளக்கும் டோஸ் கேலிபிரேட்டர் இரண்டையும் ஒரே எண்ணாகத்தான் காட்டும். ஆகவே குழந்தைக்கான டோஸை தயாரித்த உடனே எடுங்கள். அல்லது மருந்து கிட்டின் லேபிள் அனுமதிக்கும் வரம்புக்குள் கூடுதல் கதிரியக்கம் ஏற்றி, தனி வயலாகத் தயாரியுங்கள்.

ஊசி போடும் முறையும் முக்கியம். வென்ஃப்ளானை (சிரையில் செருகும் சிறு குழாயை) முன்பே போட்டுவிட்டு, பால் கொடுத்து, குழந்தை அடங்கிய பிறகு மல்லாக்கப் படுக்க வைத்துச் செலுத்துங்கள். வீறிட்டு அழும்போது நுரையீரல் எதிர்ப்பு ஏறும். இதயத்தில் ஓட்டை இருந்தால் துகள்கள் வலமிருந்து இடமாகத் தாண்டிவிடும். சிரிஞ்சை மெல்லப் புரட்டித் துகள்களைக் கலக்க வேண்டும். ரத்தத்தை சிரிஞ்சுக்குள் இழுக்கவே கூடாது: துகள்கள் ரத்தக் கட்டியோடு சேர்ந்து படத்தில் பளிச்சென்று பொட்டுப் பொட்டாகத் தெரியும், அந்த ஸ்கேனில் சதவீதம் கணக்கிட முடியாது. ஐ.வி. லைனில் ஃபில்டர் இருந்தால் கழற்றிவிடுங்கள், அது துகள்களை அங்கேயே பிடித்துக்கொள்ளும். மருந்து உள்ளே போனதும் சலைன் விட்டு லைனைக் கழுவ வேண்டும்.

படம் எடுக்க மயக்கம் பெரும்பாலும் தேவைப்படாது. துணியில் இறுகச் சுற்றி, டிடெக்டருக்கு முடிந்த அளவு நெருக்கமாகப் படுக்க வையுங்கள். முன்புறம், பின்புறம் இரண்டையும் எடுத்து, இரண்டிலும் பதிவான கதிர் எண்ணிக்கைகளைப் பெருக்கி வர்க்கமூலம் காண வேண்டும். முன்புறப் படத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், இதயம் மறைப்பதால் இடது பக்கம் பொய்யாகக் குறையும். தலையையும் வயிற்றையும் சேர்த்து எடுங்கள். தைராய்டும் வயிறும் தெரிந்தால் அது ஒட்டாமல் பிரிந்த டெக்னீசியமாக இருக்கலாம். மூளை தெரிந்தால் துகள்கள் உடல் ரத்த ஓட்டத்துக்குள் போயிருக்கின்றன. இந்த இரண்டு நிலைகளிலுமே சிறுநீரகம் தெரியும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

இவ்வளவையும் சரியாகச் செய்தும் எண் தவறாகலாம். துகள்கள் எந்த வழியாக நுரையீரலை அடைந்தன என்பதுதான் காரணம். க்ளென் அறுவை முடிந்த குழந்தைக்கு மேல் பெருஞ்சிரை நேராக நுரையீரல் தமனியோடு இணைந்திருக்கும். கையில் போட்டால் துகள்கள் நுரையீரலுக்குப் போகும். காலில் போட்டால் இதயம் வழியாக மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போய்விடும். பெருந்தமனியிலிருந்து பக்கக் கிளைகள் நுரையீரலின் ஒரு பகுதிக்கு ரத்தம் தரும் குழந்தையிடம், சிரைவழிப் போன துகள்கள் அந்தக் கிளைகளுக்குள் நுழையாமல் போகலாம். அப்போது ரத்தம் நன்றாகப் பாயும் பகுதிகூடப் படத்தில் காலியாகத் தெரியும். இதயத்துக்குள் முழுக் கலப்பு இருந்தால் நிலைமை மாறும்: பக்கக் கிளைகளிலும் துகள்கள் வரும், ஆனால் மூளைக்கும் போகும். இந்தக் குழந்தைகளுக்குத் துகள் எண்ணிக்கையை வரம்பின் கீழ் எல்லையில் வையுங்கள். அறுவைக் குறிப்பைப் படிக்காமல் ஊசியைத் தொடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பக்கக் கிளைச் சிக்கல் இருக்கும் இடத்தில் எம்.ஆர்.ஐ. கைகொடுக்கும். கதிர்வீச்சு இல்லை, நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று நேரடி அளவு கிடைக்கும். சில மாதக் குழந்தையென்றால் பால் கொடுத்துச் சுற்றித் தூங்க வைத்து, காதுகளை மூடி, மயக்கமின்றியே எடுக்கலாம். இடையூறு ரத்தக் குழாயின் அளவுதான். 5 மி.மீ. தமனிக்குள் குறைந்தது நான்கைந்து பிக்சல்களாவது விழ வேண்டும், ஆகவே பிக்சல் 1 மி.மீ. அளவில் இருக்கட்டும். இதயம் நிமிடத்துக்கு 140 முறை துடித்தால் ஒரு துடிப்புக்கு 430 மில்லி செகண்டுதான். அதை 20 கட்டங்களாகவாவது பிரிக்க வேண்டும். அளக்கக்கூடிய வேகத்தின் மேல் வரம்பான வென்க், எதிர்பார்க்கும் உச்ச வேகத்தைவிடக் கால் பங்கு கூடுதலாக இருக்கட்டும். குறைத்து வைத்தால் வேகமான ரத்தம் எதிர்த்திசையில் ஓடுவதாகப் பதிவாகும். மிக அதிகமாக வைத்தால் இரைச்சல் கூடும். வலது, இடது கிளைகளின் கூட்டுத்தொகை தண்டின் அளவோடு ஒத்துப்போகிறதா என்று மேசையில் குழந்தை இருக்கும்போதே சரிபாருங்கள்.

தமனியில் ஸ்டென்ட் (குழாயை விரித்து வைக்கும் உலோக வலை) இருந்தால் எம்.ஆர்.ஐ. படத்தில் அந்த இடம் கருப்பாகிவிடும். அப்போது அதே பக்கத்து நுரையீரல் சிரைகளை அளந்தால் போதும். சிரையில் திரும்பும் ரத்தம் தமனியில் போனதைவிட அதிகமென்றால், அந்த வேறுபாடு பக்கக் கிளைகள் கொண்டுவந்தது.

இரண்டு எக்ஸ்-ரே ஆற்றல்களில் எடுக்கும் டூயல் எனர்ஜி சி.டி.யின் அயோடின் வரைபடம் தமனியின் வடிவத்தையும் திசுவில் அயோடின் மருந்தின் பரவலையும் ஒரே முறையில் காட்டும். ஆனால் அது ஒரு கணத்தின் படம், ஓட்டத்தின் அளவு அல்ல. அறுவைக்கு முன் திட்டமிட நல்லது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க அதைக் கேட்காதீர்கள்.

தொடர்ந்து கண்காணிக்கும் குழந்தைக்கு எந்த முறை, எந்தக் கை அல்லது கால், எத்தனை துகள்கள், தூக்கமா அழுகையா என்பதை ரிப்போர்ட்டிலேயே எழுதுங்கள். போனமுறை கையில் போட்டு இடது 38 சதவீதம், இம்முறை காலில் போட்டு 29 என்றால், அந்த இரண்டையும் ஒப்பிட்டு, குறுகலை விரிக்கும் பலூன் சிகிச்சைக்கு அனுப்ப முடியாது.