கையெழுத்துக்கு ஈடு என்ன?

முதுகலை அரசியல் அறிவியல் வகுப்பில் போர்க் காரணங்கள் பற்றிய தாளை நான்தான் எடுக்கிறேன். போர் ஏன் வருகிறது என்று கேட்டால், வருகிற ஒவ்வொரு செட்டும் மண்ணாசை என்றோ மன்னனின் திமிர் என்றோதான் சொல்லும். தப்பில்லை. ஆனால் ஆசையும் திமிரும் என்றைக்கும் இருப்பவை. போர் என்றைக்கும் நடப்பதில்லையே. இந்தத் துறைக்கு வேலையே அங்கேதான்.

அமெரிக்க அரசியல் அறிஞர் கென்னத் வால்ட்ஸ் 1959-ல் காரணங்களை மூன்று தளங்களாகப் பிரித்தார்: மனித இயல்பு, அரசின் உள்ளமைப்பு, அரசுகளுக்கு மேலே தட்டிக்கேட்க ஆளில்லாத உலகம். டேவிட் சிங்கர் 1963-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம், களத்தில் ஆயிரம் பேராவது இறந்திருந்தால் போர் என்று அளவு வைத்து 1816 முதல் கணக்கெடுத்தது. இவற்றையெல்லாம் மாணவர்கள் தேர்வுக்குப் படித்துவிடுவார்கள். வகுப்பை உலுக்குவது ஜேம்ஸ் ஃபியரன் 1995-ல் எழுதிய கட்டுரைதான். போர் இரு தரப்புக்கும் நட்டம். கடைசியில் எப்படியும் ஏதோ ஒரு பங்கீட்டில்தான் போய் நிற்கப் போகிறார்கள். அதை முன்னாலேயே பேசி முடிக்க முடியாதது ஏன்? அவர் சொல்லும் முக்கியக் காரணங்கள் இரண்டு. எதிராளியின் பலம் சரியாகத் தெரியாது, தெரிந்தவனும் மறைப்பான். இன்றைக்குக் கொடுத்த வாக்கை நாளைக்குக் காப்பாற்றுவான் என்பதற்கும் உறுதி கிடையாது.

இரண்டாவதைச் சொன்னதும் சோமனூர்ப் பக்கத்திலிருந்து வரும் மாணவி அலைபேசியை நீட்டினார். அப்பா கூலிக்கு விசைத்தறி ஓட்டுபவர். திரையில் ஒரு கூலி உயர்வு ஒப்பந்தம்: துணி ரகம், கூலி, கீழே தறிக்காரர்கள், நூல் கொடுத்து நெய்யச் சொல்லும் ஜவுளி உற்பத்தியாளர்கள் என இரு தரப்புக் கையெழுத்து, அதிகாரியின் பச்சை மை. "கையெழுத்தெல்லாம் போட்டாங்க சார். ரெண்டே மாசத்துல பழைய கூலிக்கே வந்துட்டாங்க. மறுபடி தறிய நிறுத்தாம வேற என்னங்க பண்றது?" ஃபியரனின் சமன்பாடுகளை அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு நம் மண்ணில் நடந்த போருக்கே போனோம். திப்பு 1789 டிசம்பரில் திருவிதாங்கூர் எல்லை அரணைத் தாக்கியதில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பெனியோடு மூண்ட போர், மறு ஆண்டு சத்தியமங்கலத்துக்கு வந்தது. 1791-ல் கோவைக் கோட்டை முற்றுகையானது. கோட்டை நின்ற இடம்தான் இன்றைய கோட்டைமேடு. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தம்: பாதி ராஜ்ஜியம், மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய், அதற்குப் பிணையாகத் திப்புவின் இரு மகன்கள். வாக்குக்கு ஈடு கேட்பது என்றால் இதுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பணம் கட்டி முடித்து 1794-ல் பிள்ளைகள் திரும்பினார்கள். 1799-ல் மறுபடி போர், திப்பு மாண்டார், கோவையும் கும்பெனி கைக்குப் போனது.

"திப்பு பசங்கள ஈடு வெச்சாரு. கும்பெனிக்காரங்க என்னங்க சார் ஈடு வெச்சாங்க?" என்று கேட்டார் அதே மாணவி.

ஒன்றும் வைக்கவில்லை. இத்தனை ஆண்டு இந்தப் பாடம் நடத்தியும் அந்தப் பக்கமிருந்து நான் கேட்டுப் பார்த்ததில்லை. வலுத்தவன் தன் கையைத் தானே கட்டிக்கொள்ள எது வழி என்பது இன்றைய அணு ஆயுத ஒப்பந்தங்கள் வரை தீராத கேள்வி. அதையே ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னேன். இரு தரப்பும் பிடித்த ஊர்களைத் திருப்பிக் கொடுத்த 1784 மங்களூர் ஒப்பந்தத்தையும் 1792-ஐயும் ஷரத்து ஷரத்தாக ஒப்பிட்டு இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார்.