எழுத்தர் ஒருவரும் நாற்பது பேரும்

இளைஞர்களுக்கு வழிகாட்டும் ஒரு தொண்டு நிறுவனத்தின் நிர்வாகக் குழுவில் யார் யார் இருக்க வேண்டும் என்றதும் வக்கீல், ஆடிட்டர், வங்கி அதிகாரி என்றுதான் தோன்றும். எனக்கு எர்னஸ்ட் கூல்ட்டர் ஞாபகம் வருகிறார்.

நியூயார்க் சிறார் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவர். வழக்கில் சிக்கி வரும் பையன்களைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல், 1904இல் ஒரு தேவாலயத்தின் ஆண்கள் சங்கத்தில் பேசினார். ஆளுக்கொரு பையனுக்கு அண்ணனாக இருக்க அங்கேயே 40 பேர் முன்வந்தார்கள். பிக் பிரதர்ஸ் இயக்கம் அப்படித்தான் தொடங்கியது. சிறுமிகளுக்கு அக்காக்களைச் சேர்த்து வைத்த பிக் சிஸ்டர்ஸ் அமைப்போடு 1977இல் அது இணைந்தது.

ஆடிட்டர் கட்டாயம் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. அமெரிக்காவில் இத்தகைய அமைப்புகள் வரித்துறைக்குத் தரும் 990 படிவத்தில் நிர்வாகக் குழுவினரின் பெயரும், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உழைக்கிறார்கள் என்பதும் இருக்கும். யாரும் எடுத்துப் பார்க்கலாம். நல்ல ஏற்பாடு.

ஆனால் கணக்கு தெரிந்தவர்கள் மட்டும் போதுமா? முன்பின் தெரியாத ஒரு பெரியவரை ஒரு குழந்தையோடு சேர்த்து வைக்கிற வேலை இது. வருகிறவரின் பின்னணியை எப்படி விசாரிப்பது, பிள்ளை திடீரென்று பேச்சைக் குறைத்தால் என்ன கேட்பது என்றெல்லாம் தெரிந்த சமூகப் பணியாளரோ பள்ளி ஆசிரியரோ அந்த மேசையில் இருந்தே ஆக வேண்டும். அப்புறம், சின்ன வயதில் அப்படி ஒரு அண்ணனோ அக்காவோ கிடைத்து வளர்ந்தவர் ஒருவராவது வேண்டும். அவர் என்ன வேலை பார்த்தாலும் சரி.