டேக்கோமீட்டர் வாங்கிய படலம்

பென்சில்வேனியாவில் இருக்கும் என் நண்பன் ஒருவன் பழைய பைப்பர் கப் விமானம் ஒன்றில் பங்கு வாங்கியிருக்கிறான். ஜே-3 மாடல், 1946-இல் லாக் ஹேவனில் செய்தது. மஞ்சள் நிறம், துணி போர்த்திய இறக்கை, 65 குதிரைசக்தி கான்டினென்டல் இன்ஜின். பேட்டரி கிடையாது, ஸ்டார்ட்டர் கிடையாது. விசிறியைக் கையால் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவது டேங்க் மூடிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பி. அடியில் தக்கை மிதக்கிறது. பெட்ரோல் குறையக் குறையக் கம்பி இறங்கும். "இதில் கெட்டுப்போக என்னடா இருக்கு?" என்று பங்கு வாங்கும்போது கேட்டான்.

டேக்கோமீட்டர் இருந்தது. இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் மீட்டர் அது.

சீராகப் பறந்துகொண்டிருக்கும்போது முள் 1800-க்கும் 2300-க்கும் நடுவே கும்மியடிக்க ஆரம்பித்தது. போனால் போகட்டும் என்று விட முடியாது. இந்த விமானத்தின் விசிறி கோணம் மாறாத வகை. இன்ஜின் எவ்வளவு உழைக்கிறது என்று தெரிந்துகொள்ள நிமிடச் சுற்றைத் தவிர வேறு கணக்கில்லை. கிளம்பும் முன் இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் இரண்டு மேக்னெட்டோவையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து, சுற்று எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பதும் இந்த முள்ளை வைத்துத்தான். தவிர, டேக்கோமீட்டர் இல்லாமல் பறக்கக் கூடாது என்பது அமெரிக்கச் சட்டம்.

உள்ளே இருக்கும் விஷயம் நம் பழைய ஸ்கூட்டர் ஸ்பீடாமீட்டரேதான். இன்ஜினின் பின்பக்கத்திலிருந்து ஒரு கேபிள் சுழன்றுகொண்டே வந்து மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுற்றும். காந்தத்தை ஒட்டி ஓர் அலுமினியக் கிண்ணம். தொடாமலே அதையும் இழுத்துப் பார்க்கும். மெல்லிய சுருள்வில் ஒன்று 'அவ்வளவுதான், நில்' என்று பிடித்துக்கொள்ளும். முள் அந்தக் கிண்ணத்தோடு திரும்பும்.

அந்த விமானத்தளத்தில் ஒரு வயதான மெக்கானிக் இருக்கிறார். அவர் கையெழுத்து இல்லாமல் மீட்டரை மாற்ற முடியாது. அதிகம் பேச மாட்டார், பேசினால் வலிக்கும். முதலில் கேபிளைப் பார்க்கச் சொன்னார். காய்ந்துபோய், ஓரிடத்தில் மடங்கியும் இருந்தது. புதுசு போட்டார்கள். கிரீஸை நண்பன் தாராளமாக அள்ளியபோது கையைத் தட்டிவிட்டார். மேல்முனை வரை தடவினால் கேபிள் சுழலச் சுழல அது மீட்டருக்குள்ளேயே ஏறிவிடுமாம். முள்ளின் ஆட்டம் குறைந்தது, நிற்கவில்லை. மீட்டரே தேய்ந்திருந்தது.

சரி, புதுசாக டிஜிட்டல் போடலாம் என்றால் அதற்கு மின்சாரம் வேண்டும். இங்கே பேட்டரியே இல்லை. நண்பன் ராத்திரியெல்லாம் இணையத்தில் தேடி, பழைய மீட்டர் ஒன்றைப் பிடித்தான். கறுப்பு முகம், இளம்பச்சை எண்கள், பார்க்க லட்சணம். எல்லாச் சின்ன விமானத்துக்கும் பொருந்தும் என்று விற்றவர் சத்தியம் செய்திருந்தார். பொருந்தியது, நட்டு கூட அம்சமாக ஏறியது. இன்ஜினைக் கிளப்பி த்ராட்டிலைத் தள்ளினால், விமானமே அதிர்கிறது, முள் பூஜ்ஜியத்தை விட்டு எழவில்லை. நன்றாகப் பார்த்தால், பூஜ்ஜியத்துக்கும் கீழே போக முட்டிக்கொண்டிருந்தது. கேபிள் சில இன்ஜின்களில் வலப்பக்கமாகச் சுற்றும், சிலவற்றில் இடப்பக்கமாக. வந்தது எதிர்க்கட்சி மீட்டர்.

அடுத்து வாங்கியது சரியான பக்கம் சுற்றியது. ஆனால் இந்த இன்ஜினில் கேபிள் சுற்றுவது இன்ஜின் வேகத்தில் பாதி. மீட்டரோ முழு வேகத்துக்குச் செய்தது. 1600 காட்ட வேண்டிய இடத்தில் 800 என்றது. "ரெண்டால் பெருக்கிக்கிறேன் சார், எனக்குக் கணக்கு வரும்" என்றான் நண்பன். மெக்கானிக் மீட்டரின் சிவப்புக் கோட்டில் விரலை வைத்தார். "இதையும் பெருக்குவியா?" இந்த இன்ஜினுக்கு எல்லை 2300. பெருக்கினால் விசிறி கழன்று ஓஹையோ போய்ச் சேர்ந்திருக்கும்.

கடைசியில் பணம் கொஞ்சம் அதிகமானாலும் சரியான மீட்டர் வந்தது: சுற்றும் பக்கம், பாதி வேகம், 2300-இல் சிவப்புக் கோடு எல்லாம் பொருத்தம். கோடு கண்ணாடி மேல் இருந்ததால், கண்ணாடியிலிருந்து விளிம்பு வரை சின்ன வெள்ளைக் கோடு ஒன்றையும் மெக்கானிக் இழுத்தார். கண்ணாடி திரும்பிவிட்டால் காட்டிக்கொடுக்குமாம்.

காட்டும் எண் சரிதானா என்று பார்க்க அவரிடம் ஒரு கைக்கருவி இருந்தது. விசிறி ஒளியை எத்தனை முறை வெட்டுகிறது என்று எண்ணும். நண்பன் அதை வாங்கி, இரண்டு இறக்கை விசிறி என்று அமைத்து, விமானம் நிறுத்தும் ஹேங்கருக்குள் சும்மா தூக்கிப் பிடித்தான். 3600! "இன்ஜினே ஓடலையேடா!" என்று என்னைப் பார்த்தான். அது கூரையிலிருந்த டியூப் லைட். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 120 தடவை மினுக்கும். நிமிடத்துக்கு 7200, இரண்டு இறக்கை என்பதால் அதில் பாதி 3600. கருவி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க மெக்கானிக்குகள் வேண்டுமென்றேதான் டியூப் லைட்டில் காட்டுவார்களாம். வெளியே எடுத்துப் போய் இன்ஜினை ஓட விட்டுப் பார்த்தபோது இரண்டும் ஒத்துப்போயின.

இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று மீட்டருக்குள் காட்டும் சக்கரம் மட்டும் பூஜ்ஜியத்திலிருந்து. பழைய கணக்கை லாக் புத்தகத்தில் எழுதிவிட்டார்கள். அந்தச் சக்கரம் குறிப்பிட்ட ஒரு வேகத்தில்தான் கடிகாரத்தோடு ஒத்து ஓடும். மெதுவாக ஓட்டினால் மணியும் மெதுவாக ஏறும். கேட்டதிலிருந்து நண்பன் நிதானமாகப் பறப்பதன் பெருமையைப் பேச ஆரம்பித்துவிட்டான்.

சோதனைக்குப் பறக்க என்னையும் கூப்பிட்டான். ஜே-3-இல் ஓட்டுபவர் உட்காருவது பின் சீட்டில். மீட்டர்கள் முன் சீட்டுக்கு முன்னால். நடுவில் நான். என் உடம்பு வாகு பற்றி இங்கே சொல்ல வேண்டியதில்லை.

மேலே போனதும் பின்னாலிருந்து தோளைத் தட்டி, "எவ்வளவு?" என்று கத்தினான். "இருபத்தொன்று ஐம்பது" என்று கத்தினேன். காதில் விழவில்லை. இரண்டு விரலைக் காட்டினேன். 'ஜெயித்துவிட்டோம்' என்று நினைத்து அவனும் இரண்டு விரலைக் காட்டினான்.

இறங்கியதும், பின் சீட்டிலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு சின்னக் கண்ணாடி வைக்கலாம் என்றான். கண்ணாடியில் எல்லாம் இடவலமாகத் தெரியுமேடா என்றேன்.

"அதுக்குத்தான் அந்த முதல் மீட்டர் வீட்டில் சும்மா கிடக்கே!"