ஒரே ஒரு பிரிண்ட் லைன், ரெண்டு ராத்திரி

ரொம்ப வருஷமா ஒரு ஃபோல்டர்ல டெக்ஸ்ட் ஃபைலா குறிப்பு எழுதிப் போட்டுட்டு வரேன், ஆயிரத்துக்கு மேல சேந்துபோச்சு, எதையும் திரும்ப எடுத்துப் படிச்சதில்ல. ஏஐ கிட்ட "இதப் பத்தி நான் என்ன எழுதி வெச்சிருக்கேன்"னு கேட்டா அதுவே தேடிச் சொல்லணும், அவ்ளோதான் ஆசை.

முதல்ல ஃபங்ஷன் காலிங் வெச்சு நானே எழுதினேன். டூல் (மாடல் கேட்டா நாம ஓட்டற ஃபங்ஷன்) லிஸ்ட்ட அனுப்பினா மாடல் "இந்த டூல இந்த ஆர்க்யுமெண்ட்டோட கூப்பிடு"ன்னு சொல்லும், நாம ஓட்டி ரிசல்ட்ட திருப்பி அனுப்பணும். (மாடலே நம்ம கோட ஓட்டுதுன்னு நெனைக்கிறவங்க நிறைய பேர், அது கேக்க மட்டும்தான் செய்யும்.) வேல செஞ்சுது, ஆனா வேற மாடலுக்கு மாத்தினா ஃபார்மட் வேற, பாதி கோட திரும்ப எழுதணும். அப்பதான் எம்சிபி (மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால், ஏஐ ஆப்பும் டூலும் பேசிக்க ஒரு பொது விதிமுறை) பக்கம் வந்தேன். ஆந்த்ரோபிக் 2024 நவம்பர்ல ஓப்பன் சோர்ஸா விட்டது, 2025 மார்ச்ல ஓப்பன்ஏஐயும் ஏத்துக்கிச்சு. 5 ஆப், 6 டூல்னா தனித்தனியா 30 இணைப்பு எழுதுறதுக்கு பதிலா 11 எழுதினா போதும், அதான் கணக்கு.

எம்சிபியோட பைத்தான் லைப்ரரிய இன்ஸ்டால் பண்ணி, அதுல இருக்கற ஃபாஸ்ட்எம்சிபி வெச்சு ஃபங்ஷனுக்கு மேல ஒரு டெகரேட்டர் (@ல ஆரம்பிக்கற ஒரு வரி) போட்டா அது டூல் ஆயிடுது, டைப் ஹின்ட்ட பாத்து ஸ்கீமாவ (என்னென்ன ஆர்க்யுமெண்ட், எந்த வகைன்னு சொல்ற விவரம்) அதுவே போட்டுக்குது. அரை மணி நேரத்துல முடிஞ்சுதுன்னு சந்தோஷப்பட்டேன் பாருங்க, அங்கதான் மாட்டினேன்.

சின்ன தேடல் எல்லாம் ஓடுது. பெரிசா எதாவது தேடினா மட்டும் ஜேசன் (மெசேஜ் எழுதற டேட்டா ஃபார்மட்) சரியில்லன்னு எரர். என் குறிப்புல இருக்கற தமிழ் எழுத்துதான் காரணம்னு நெனச்சு ஒரு ராத்திரி பூரா யூனிகோட நோண்டினேன், அதுல ஒண்ணுமே இல்ல. விஷயம் என்னன்னா, லோக்கல் சர்வர் (நான் எழுதின இந்த புரோகிராம்தான்) ஏஐ ஆப்போட பேசுறது ஸ்டாண்டர்ட் அவுட்புட் வழியாதான், அதுல ஒவ்வொரு வரியும் ஜேசன்-ஆர்பிசி 2.0 மெசேஜா இருக்கணும். நான் டீபக் பண்றதுக்காக ரிசல்ட்ட பிரிண்ட் பண்ற ஒரு லைன உள்ள விட்டுட்டு மறந்துட்டேன், அதுவும் அதே குழாய்ல போய் கலக்குது. சரி, அப்ப சின்ன தேடல் ஏன் ஓடுச்சு? டெர்மினலுக்கு போகாம பைப்புல போகும்போது பைத்தான் பிரிண்ட்ட உடனே அனுப்பாது, பஃபர்ல சேத்து வெச்சு நிறைஞ்சப்புறம்தான் தள்ளும், அதனால குப்பை எப்ப வெளிய வருதோ அப்ப எந்த தேடல் ஓடுதோ அதுக்குப் பழி. ரெண்டாவது ராத்திரி எம்சிபி இன்ஸ்பெக்டர்ல (சர்வர சோதிச்சுப் பாக்கற கருவி) போட்டு பாத்தப்பதான் மெசேஜுக்கு நடுவுல என் குறிப்போட வரி அப்படியே நிக்குது! லைன தூக்கிட்டு லாகிங் மாட்யூலுக்கு மாத்தினேன், அது ஸ்டாண்டர்ட் எரர்ங்கற வேற குழாய் பக்கம் போறதால பிரச்சனை இல்ல. ஆப்போட கான்ஃபிக்ல முழு பாத் குடுக்கணும், வெர்ச்சுவல் என்விரான்மெண்ட்டோட பைத்தானதான் குடுக்கணும், மாத்தினா ஆப்ப மூடித் திறக்கணும், இதெல்லாம் சில்லறை.

கனெக்‌ஷன் சரியானப்புறம் பாத்தா, மாடல் டூல கூப்பிடவே மாட்டேங்குது, கூப்பிட்டாலும் நான் கேட்ட முழு வாக்கியத்தையே தேடல் சொல்லா அனுப்புது, என்னோடது வெறும் சொல் தேடல், எங்க கிடைக்கும்? டாக்ஸ்ட்ரிங்க (ஃபங்ஷனுக்குள்ள எழுதற விவரணை) காலியா விட்டிருந்தேன், மாடலுக்கு டூலப் பத்தி தெரியறது பேரும் அந்த விவரணையும் ஸ்கீமாவும்தான். "பயனர் தன் சொந்தக் குறிப்புகளைப் பத்தி கேக்கும்போது கூப்பிடு, ஒண்ணு ரெண்டு சொல் மட்டும் குடு, கிடைக்கலன்னா வேற சொல்லால முயற்சி பண்ணு"ன்னு எழுதினேன், கோட்ல ஒரு வரி கூட மாத்தல, நடந்துக்கற விதமே மாறிடுச்சு. எனக்கு இந்த மொத்த வேலையில ஆச்சரியமா இருந்தது இதுதான்.

அப்புறம், கிடைச்ச குறிப்பு எல்லாத்தையும் முழுசா திருப்பி அனுப்பிட்டு இருந்தேன், ரெண்டு தேடல்லயே கான்டெக்ஸ்ட் (மாடல் ஒரே நேரத்துல பாக்கக்கூடிய அளவு) ரொம்பிடும். இப்ப தேடல் தலைப்பும் ரெண்டு வரியும் ஐடியும் மட்டும் தரும், முழுசா படிக்க தனி டூல். தப்பான ஐடி வந்தா வெறும் எரர் கோட் இல்லாம "அந்த ஐடி இல்ல, முதல்ல தேடு"ன்னு சொல்ற மாதிரி வெச்சேன், அதுவே தேடிட்டு வந்து சரியா கேக்குது.

ஐடி வெக்கறதுக்கு முன்னாடி மாடல் கிட்டேந்து ஃபைல் பேரத்தான் வாங்கிட்டு இருந்தேன், ரெண்டு புள்ளியும் ஸ்லாஷும் போட்டு மேல் ஃபோல்டருக்குப் போனா என் மொத்த டிஸ்க்கும் திறந்த வீடு, நல்லவேள சீக்கிரமே கவனிச்சேன். இன்னொண்ணு, குறிப்புல பாதி வெப்லேந்து காப்பி பண்ணது, அதுக்குள்ள "எல்லாத்தையும் அழி"ன்னு எவனாவது எழுதி வெச்சிருந்தா மாடல் அத என் கட்டளையா எடுத்துக்க வாய்ப்பு இருக்கு. எழுதற டூலும் அழிக்கற டூலும் ரெடியாதான் இருக்கு, ரெண்டையும் ஓடாதபடி கமெண்ட் பண்ணி வெச்சிருக்கேன், இப்போதைக்கு அது படிச்சா போதும்.