இடுக்கில் மாட்டிய நட்டைக் கழற்ற

கை நுழையாத இடத்தில் ஒரு நட் மாட்டிக்கொண்டால் பலரும் பலத்தைத்தான் காட்டுகிறார்கள். அங்கே கைகொடுப்பது கோணம்.

ஓப்பன் ஸ்பேனரின் வாயைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கைப்பிடிக்கு நேராக இருக்காது, பெரும்பாலும் 15 டிகிரி சாய்ந்திருக்கும். அது வேண்டுமென்றே வைத்த சாய்வு. ஆறு பக்க நட்டில் அடுத்த பிடி கிடைக்க 60 டிகிரி சுற்ற வேண்டும். இடம் அதில் பாதிதான் என்றால் 30 டிகிரி திருப்பி, ஸ்பேனரை வெளியே எடுத்து, குப்புறக் கவிழ்த்து மறுபடி போடுங்கள். வாய் அடுத்த பக்கங்களில் கச்சிதமாக உட்காரும். இப்படியே மாற்றி மாற்றிக் கழற்றிவிடலாம். எனக்கு மிகவும் பிடித்த வித்தை இதுதான்!

நட்டிலிருந்து எடுக்காமலே கைப்பிடியை முன்னும் பின்னும் அசைத்துத் திருப்பும் ராட்செட் நுழையும் என்றால் இன்னும் சுலபம். உள்சக்கரத்தில் 72 பல் உள்ளதற்கு 5 டிகிரி அசைவே போதும்.

அப்புறம், திரும்ப மாட்டும் வேலை. ராட்செட்டின் முனையில் மாட்டி நட்டின் மேல் கவிழ்க்கும் குழல்தான் சாக்கெட். அதற்குள் துளி கிரீஸ் தடவினால் நட் கீழே விழாது. கிரீஸ் படக்கூடாத இடமா? நட்டுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே ஒரு துண்டுக் காகிதம் வைத்து அழுத்துங்கள், இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மாட்டும்போது முதலில் எதிர்ப்பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். மரை சேரும் இடத்தில் லேசாக ‘டக்’கென்று இறங்குவது விரலுக்கே தெரியும். அங்கிருந்து முடுக்கினால் மரை குறுக்கே ஏறாது. முதல் சில சுற்றுகள் விரலால்தான், ஸ்பேனர் வேண்டாம்.

வண்டி இன்ஜின் பக்கம் என்றால் பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றி வையுங்கள். இடுக்கில் ஸ்பேனர் எதைத் தொடுகிறது என்று கண்ணுக்குத் தெரியாது.