பின்னால் ஹாரன், முன்னால் சிவப்பு: கலிபோர்னியாவில் ஓட்டுநர் உரிமம் வாங்கிய கதை

தற்காலிக உரிமத் தாள் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் கோபம் தணியவில்லை, எழுதித் தீர்த்துவிடுகிறேன். எழுத்துத் தேர்வைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கையேட்டை ஒழுங்காகப் படித்தால் யாரும் தேறிவிடலாம். உயிரை வாங்கியது சாலைத் தேர்வுதான். கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் ஆண்டுக்கணக்கில் கார் ஓட்டியவள் என்பதெல்லாம் இங்கே செல்லாது. இந்திய உரிமத்தைக் கொடுத்துவிட்டு இந்த மாநில உரிமத்தை வாங்கிக்கொள்ள வழியில்லை. குடிவந்தவர் 10 நாட்களுக்குள் இங்கே உரிமம் எடுக்க வேண்டும் என்று விதி வேறு. சாலைத் தேர்வுக்கு நேரம் கிடைக்கவே அதைவிடக் கூடுதல் நாளாகிறது என்பது விதியை எழுதியவர்களுக்குத் தெரியாது போலிருக்கிறது.

முதல் அடி வாடகைக் காரில் விழுந்தது. தேர்வுக்கு நாம்தான் கார் கொண்டுபோக வேண்டும். வாடகைக்கு எடுத்த இடத்தில், “சாலைத் தேர்வுக்கு இந்தக் காரை ஓட்டலாமா?” என்று கேட்டேன். அங்கிருந்த இளைஞன் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், “தாராளமாக” என்றான். உரிம அலுவலகத்தில் வரிசையில் நின்று சன்னலை அடைந்ததும் அந்த அம்மாள் ஒப்பந்தத்தைப் புரட்டினார். “உங்கள் பெயர் எங்கே?” கணவர் பெயர் மட்டும்தான் இருந்தது. அதோடு விட்டாரா? கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியைப் பேனாவால் தட்டிக் காட்டினார்: ஓட்டுநர் தேர்வுக்கு இந்த வாகனத்தைப் பயன்படுத்தக் கூடாது. அவ்வளவுதான், திரும்பிப் போகச் சொல்லிவிட்டார். அரைநாள் விடுப்பு, வாடகை, பெட்ரோல் எல்லாம் பாழ்.

வாடகைக் காரில் போகிறவர்கள் இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் ஓட்டுநராக இருக்க வேண்டும். தேர்வுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற வரி இருக்கக் கூடாது. வாய்வார்த்தையை நம்பாதீர்கள். தெரிந்தவர் கார் கிடைத்தால் அதைவிட நிம்மதி. எங்கள் குடியிருப்பில் இருக்கும் மதுரைக்காரத் தம்பி ஒருவர் தன் காரைக் கொடுத்ததோடு கூடவும் வந்தார். பயிற்சி அனுமதி மட்டும் வைத்திருப்பவர் தனியாக ஓட்டிக்கொண்டு போக முடியாது என்பதை மறந்துவிடாதீர்கள். பதிவுச் சான்று, காப்பீட்டுச் சான்று இரண்டும் முன்கூட்டியே கையில் இருக்கட்டும்.

பயிற்சியின்போது தம்பி ஒன்றை விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார்: “அக்கா, சிவப்பில் வலது பக்கம் திரும்பும்போதுதான் பாதிப் பேர் மாட்டுகிறார்கள்.”

நம் ஊரில் ‘ஃப்ரீ லெஃப்ட்’ என்று பலகை வைத்த சிக்னலில் நிற்காமலே இடது பக்கம் போய்விடுவோம். இங்கே சாலையின் வலது பக்கம் ஓட்டுவதால் அது வலது திருப்பமாகிறது. ஆனால் ஃப்ரீ கிடையாது. சிவப்பு வட்ட விளக்கு எரிந்தால் நிறுத்தக்கோட்டுக்கு முன்னால் முழுதாக நிற்க வேண்டும். நடந்து வருபவர்களுக்கும் குறுக்கே வரும் வண்டிகளுக்கும் வழிவிட்டு, தடைப் பலகை இல்லையென்றால், அதன் பிறகு திரும்பலாம். சிவப்பு அம்புக்குறி எரிந்தால் அதுவும் இல்லை, பச்சை வரும்வரை நிற்க வேண்டியதுதான். 1975இல் எண்ணெய் நெருக்கடி நேரத்தில் அமெரிக்க மத்திய அரசு கொண்டுவந்த எரிசக்திச் சட்டம்தான் நாடு முழுவதும் மாநிலங்களைச் சிவப்பில் வலது பக்கம் திரும்பும் இந்த வழக்கத்துக்குத் தள்ளியது. சும்மா நின்று பெட்ரோலை எரிக்க வேண்டாம் என்ற கணக்கு. நியூயார்க் நகரில் தலைகீழ்: அனுமதிப் பலகை இருந்தால்தான் திரும்பலாம்.

சட்டத்தில் இது ‘திரும்பலாம்’. பின்னால் நிற்பவனுக்கு மட்டும் ‘திரும்பியே ஆக வேண்டும்’.

தேர்வு நாளில் அதுதான் நடந்தது. கை சைகைகள், வைப்பர், அபாய விளக்கு எல்லாம் கேட்டு முடித்து, அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்தார். சிரிப்பே இல்லாத மனிதர். மூன்றாவது சந்திப்பிலோ என்னவோ, வலது பக்கம் திரும்பச் சொன்னார். சிவப்பு. நின்றேன். முழுதாக நின்றோமா என்பதற்குத் தம்பி சொல்லிக்கொடுத்த அடையாளம் உண்டு: காரின் மூக்கு முன்னால் சாய்ந்து, பிறகு மெல்லப் பின்னுக்கு வந்து அமர வேண்டும். அந்த அசைவு வரவில்லையென்றால் சக்கரம் இன்னும் உருள்கிறது என்று பொருள். கேலியாக ‘கலிபோர்னியா ஸ்டாப்’ என்று சொல்வது இந்த உருளலைத்தான்.

இடது பக்கம் பார்த்தால் வண்டியே இல்லை. பின்னால் ஒரு பிக்கப் டிரக், ஹாரன் அடித்தான். வலது ஓரத்தில் நடைபாதையிலிருந்து ஒரு முதியவர் தள்ளுவண்டியோடு இறங்கிக்கொண்டிருந்தார். இடப்பக்கம் வண்டி வருகிறதா என்றே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு இப்படி வலப்பக்கத்திலிருந்து இறங்கும் ஆள் தெரிவதில்லை. மறுபடியும் ஹாரன், இந்த முறை நீளமாக. அதிகாரி அசையவில்லை. நானும் அசையவில்லை. அந்த டிரக்காரன் கண்ணாடியில் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. முதியவர் கடந்து முடித்த பிறகே திரும்பினேன். அதிகாரியின் தாளில் பிழைக்கோடு ஒன்றுகூட விழவில்லை!

ஆனால் மரியாதைக்குக் கோடு விழுந்தது. நாலு பக்கமும் ஸ்டாப் பலகை வைத்த ஒரு சந்திப்பில் நான்தான் முதலில் வந்து நின்றேன். எதிரில் ஓர் அம்மாள் பிள்ளைகளோடு வந்தார், இடது பக்கம் திரும்ப விளக்குப் போட்டிருந்தார். நீங்கள் போங்கள் என்று கையைக் காட்டினேன். அவர் தயங்க, நான் காட்ட, பக்கத்தில் பேனா ஓடியது. முறை யாருடையதோ அவர்தான் போக வேண்டுமாம். நாம் விட்டுக்கொடுத்தால் மற்றவர்களுக்குக் குழப்பமாம். நியாயம் இருக்கலாம். ஆனால் ஹாரன் அடித்து மிரட்டுபவனுக்கு ஒன்றுமில்லை, வழிவிட்டவளுக்கு ஒரு கோடு என்றால் வயிறு எரியாதா? தேர்வு முடியும்வரை பெருந்தன்மையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

இன்னொன்று, சைக்கிள் தடம். அதில் கார் ஏறவே கூடாது என்று பயந்து பலர் விலகியே போகிறார்கள். வலது பக்கம் திரும்புவதற்கு முன், முனையிலிருந்து 200 அடிக்குள், கண்ணாடி பார்த்து, தோளுக்கு மேல் தலையைத் திருப்பிப் பார்த்து, சைக்கிள் வரவில்லையென்றால் அந்தத் தடத்துக்குள் நுழைந்துதான் திரும்ப வேண்டும். கண்ணை மட்டும் உருட்டினால் போதாது, தலை திரும்புவது அதிகாரிக்குத் தெரிய வேண்டும்.

சிறு பிழைகள் 15 வரை பொறுக்கிறார்கள். பெரும்பிழை ஒன்று நடந்தாலே தோல்வி. வண்டியை நிறுத்தியதும் அதிகாரி தாளைக் கிழித்துக் கொடுத்து, “அந்த ஹாரனுக்கு நீங்கள் நகர்ந்திருந்தால் தேர்வு அங்கேயே முடிந்திருக்கும்” என்றார். அவர் வாயிலிருந்து வந்த ஒரே பாராட்டு அதுதான்.

தற்காலிகத் தாள் அதில் போட்டிருக்கும் நாள்வரைதான் செல்லும். விசாவில் இருப்பவர்களுக்குச் சட்டப்படி தங்கியிருப்பதைச் சரிபார்க்கும் வேலை இழுத்துக்கொண்டே போவதுண்டு. அட்டை தபாலில் வராவிட்டால் கெடு முடிவதற்கு முன்பே அலுவலகத்துக்குப் போய் நீட்டிப்புக் கேளுங்கள். போகும்போது பாஸ்போர்ட்டும், நாட்டுக்குள் வந்ததற்கான பதிவான ஐ-94 படிவமும் மறவாமல் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சன்னலில் ‘வீட்டில் இருக்கிறது’ என்ற பதில் எடுபடாது.